சிமெண்ட் டப்பாவை ஏன் காப்பாத்தணும்?

கேள்வி: எங்க காலேஜ்ல 1960-கள்ல கட்டின கான்கிரீட் பிளாக் ஒண்ணு இருக்கு. அதை இடிச்சுட்டு முழுக்க கண்ணாடி போட்ட புது பிளாக் கட்டப்போறாங்க. சில ஆர்க்கிடெக்ட்டுங்க கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க. கோயில், அரண்மனை, செட்டிநாட்டு வீடுன்னா காப்பாத்தணும், ஒத்துக்கறேன். வெள்ளைக்காரனைப் பாத்து காப்பியடிச்ச, நம்ம வெயிலுக்கு கொஞ்சமும் ஒத்துவராத சிமெண்ட் டப்பாவையும் பாரம்பரியம்னு சொன்னா எப்படி சார்?

பதில்: வெயிலுக்கு ஒத்துவராதுன்னு சொல்றீங்களே, அங்கேயிருந்தே ஆரம்பிக்கறேன். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ்னு நம்ம பக்கத்துல மாடர்ன் கட்டிடக்கலை, அதாவது உங்க பிளாக் மாதிரி அலங்காரம் இல்லாத கான்கிரீட் பாணி, வளர்ந்ததே வெயிலையும் மழையையும் எப்படி சமாளிக்கறதுங்கற கேள்வியை வெச்சுத்தான். பாண்டிச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்துக்காரங்க தங்கறதுக்குன்னு கட்டின கோல்கொண்ட்னு ஒரு கட்டிடம் இருக்கு, வாய்ப்பு கிடைச்சா வெளியில நின்னாவது பாருங்க. 1930-கள் கடைசியில வேலை ஆரம்பிச்சு 1940-கள்ல முடிச்சது. மாடர்ன் பாணிக்குப் பேர்போன சண்டிகர் நகரத்தோட பேரே யாருக்கும் தெரியாத காலம் அது, அப்பவே இங்க பூச்சு வேலைப்பாடு எதுவும் இல்லாம கான்கிரீட்டை கான்கிரீட்டாவே விட்டு கட்டியிருக்காங்க.

அந்தக் கட்டிடத்தோட நீளமான ரெண்டு பக்கமும் வடக்கையும் தெற்கையும் பாத்து இருக்கு, கிழக்கு மேற்கு வெயில் அடிக்கற பக்கம் ஒடுக்கமான சுவர்தான். வடக்குப் பக்கம் தாழ்வாரம், தெற்குப் பக்கம் ரூம்கள். அந்த ரெண்டு பக்கத்துலயும் ஜன்னல்னு தனியா ஒண்ணு கிடையாது, தரையில இருந்து கூரை வரைக்கும் படுக்கை வாட்டத்துல பலகை பலகையா ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு அடுக்கியிருக்காங்க, பித்தளை கைப்பிடியைத் திருப்பினா அத்தனையும் சேர்ந்து திறக்கும், வெயில் ஏறுச்சுன்னா சாய்ச்சு வெச்சுக்கலாம், மழை வந்தா மூடிக்கலாம், சாயங்காலம் காத்து வரும்போது முழுசா திறந்து விட்டா ரூமே திண்ணை மாதிரி ஆகிடும். ரூமுக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவுல தேக்குல செஞ்ச இழுவைக் கதவு, சட்டத்துக்கு சட்டம் முன்னும் பின்னுமா இடைவெளி விட்டு செஞ்சது, அதனால கதவை சாத்தினா உள்ள இருக்கறவங்களை யாரும் பாக்க முடியாது, ஆனா காத்து மட்டும் தாராளமா போய் வரும். மேல கான்கிரீட் தளத்துக்கு மேலேயே வளைஞ்ச கான்கிரீட் ஓடு இன்னொரு அடுக்கு, நடுவுல காத்து ஓட இடம், வெயில் நேரா தளத்துல விழாது. இதை வடிவமைச்சவங்க செக் நாட்டுல பிறந்த ஆன்டொனின் ரேமண்ட், கூட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா, இன்னொரு செக் காரர் ஃப்ரான்டிசெக் சாமர். பணம் ஹைதராபாத் சமஸ்தானத்துல பெரிய பொறுப்புல இருந்த சர் அக்பர் ஹைதரி மூலமா வந்தது. கட்டினது பெரும்பாலும் ஆசிரமவாசிங்க, கட்டிட வேலையே தெரியாதவங்க, வேலை செஞ்சுதான் கத்துக்கிட்டாங்க. ஆசிரமத்துல இருந்த பழைய பித்தளைப் பாத்திரத்தை உருக்கித்தான் கொண்டி, கைப்பிடி எல்லாம் வார்த்தாங்க. இது எந்த ஊர் கட்டிடத்தோட காப்பின்னு நீங்கதான் சொல்லணும்.

வடிவமைச்சவங்க மூணு பேரும் வெளிநாட்டுக்காரங்கதானேன்னு கேப்பீங்க. சரி, அந்தக் கணக்குலயே பாப்போம். சென்னையில ஐகோர்ட்டோட சிவப்புச் செங்கல் கோபுரமும் குவிமாடமும் பாத்தா நமக்கு நம்ம பாரம்பரியம்னு தோணும். 1892-ல முடிஞ்ச அந்தக் கட்டிடத்துல முக்கியமான கை ஹென்றி இர்வின்ங்கற பிரிட்டிஷ் சர்க்கார் ஆர்க்கிடெக்ட்டோடது. சேப்பாக்கத்துல இருக்கற சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ராபர்ட் சிஸ்ஹோம்ங்கற இன்னொரு பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் வரைஞ்சது. இந்து கோயில்ல இருந்து கொஞ்சம், முகலாயர் கட்டிடத்துல இருந்து கொஞ்சம் எடுத்து வெச்சு, ஆளுற சர்க்காருக்கு உள்ளூர் முகம் ஒண்ணு கட்டிக் கொடுத்தாங்க. எனக்கு அந்தக் கட்டிடங்க ரொம்பப் பிடிக்கும், அதையும் காப்பாத்தத்தான் வேணும். ஆனா விடுதலை கிடைச்சப்போ புதுசா கட்ட வந்த தலைமுறை அந்த குவிமாடத்தை வேண்டாம்னு தள்ளிட்டு மாடர்ன் பக்கம் போனது அடிமைப் புத்தியால இல்ல, அந்த ஆட்சியோட முகத்தைத் திரும்பப் போட்டுக்க மனசு வராமத்தான். அச்யுத் கான்விந்தே ஹார்வர்டுல மாடர்ன் கட்டிடக்கலை முன்னோடி வால்டர் குரோப்பியஸ்கிட்ட படிச்சுட்டு வந்து இங்க ஆராய்ச்சிக் கூடமும் ஐஐடி கான்பூரும் கட்டினாரு, ஹபீப் ரஹ்மான் எம்ஐடியில படிச்சுட்டு வந்து கல்கத்தா பக்கத்துல பாரக்பூர்ல காந்தி நினைவிடமான காந்தி காட் கட்டினாரு, டாக்காவுல முஸ்ஹருல் இஸ்லாம் நுண்கலைக் கல்லூரியை மரத்துக்கு நடுவுல திறந்த வெளியா கட்டினாரு. படிச்சது வெளியில, ஆனா வரைஞ்சது இந்த மண்ணுல நின்னுக்கிட்டு.

இலங்கையில மினெட் டி சில்வான்னு ஒருத்தங்க, 1918-ல கண்டியில பிறந்தவங்க. பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்ஸ் சங்கத்துல 1948-ல அசோசியேட்டா சேர்ந்த முதல் ஆசியப் பெண். சண்டிகருக்குப் பிளான் போட்ட லெ கார்பூசியேவோட நல்ல நட்பு, ஐரோப்பாவுல மாடர்ன் ஆளுங்க கூடின மாநாட்டுல போய் உக்காந்தவங்க, நினைச்சிருந்தா அங்கேயே பேர் வாங்கியிருக்கலாம். கண்டிக்குத் திரும்பி வந்து மலைச்சரிவுல கருணாரத்ன வீட்டைக் கட்டினாங்க. கான்கிரீட் தூண், திறந்த ஹால், எல்லாம் புதுசு. அந்த வீட்டுக்குள்ளேயே தும்பறை நெசவுப் பாய் வேலையும், ஊர் கைவினைக்காரங்க செஞ்ச அரக்கு வேலையும், ஜார்ஜ் கீட் வரைஞ்ச சுவர் ஓவியமும் சேர்ந்திருக்கு. அப்புறம் கண்டி பக்கத்துல வத்தபுளுவையில அரசு ஊழியர் குடியிருப்பு கட்டும்போது, குடிவரப்போற குடும்பங்ககிட்ட முன்னாடியே கேள்வித்தாள் கொடுத்து உங்களுக்கு எப்படி வேணும், எங்க சமைப்பீங்க, எங்க சாமி கும்பிடுவீங்கன்னு விசாரிச்சு அதுக்கப்புறம் பிளான் போட்டாங்க. வேற வேற சமூகத்து ஆளுங்க ஒரே குடியிருப்புல வரப்போறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். 1950-கள்ல இதைச் செஞ்சிருக்காங்க, இன்னைக்கு ஃபிளாட் விக்கிறவங்க இதுல பாதியாவது கேக்கறாங்களா? அவங்களுக்குப் பின்னாடி வந்த ஜெஃப்ரி பாவா பேரு உலகம் பூரா தெரியுது, அதுக்கு அவரு முழுக்கத் தகுதியானவரு. மினெட் கட்டினதுல பலதும் இப்ப இல்ல. இடிச்சாச்சு, இல்லைன்னா அடையாளமே தெரியாம மாத்தியாச்சு. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

லெ கார்பூசியேவே என்ன செஞ்சாருன்னு பாக்கணும்னா சண்டிகரை விட அகமதாபாத்ல மில் ஓனர்ஸ் சங்கக் கட்டிடத்தைத்தான் சொல்வேன், 1954-ல முடிஞ்சது. மேற்குப் பக்கம் ரோடு, சாயங்கால வெயில் நேரா முகத்துல அடிக்கற பக்கம். அங்க கான்கிரீட் பலகைகளை சாய்ச்சு சாய்ச்சு நிறுத்தியிருக்காரு, காத்து உள்ள வரும், வெயில் பலகையில மோதி நின்னுடும். கிழக்குப் பக்கம் சபர்மதி ஆறு, அங்க அதே பலகை சாய்வில்லாம நேரா நிக்குது, ஆத்தைப் பாத்துக்கிட்டே நிக்கலாம். ஒரே கட்டிடம், ரெண்டு திசைக்கு ரெண்டு பதில். சண்டிகர்ல குறை நிறைய இருக்கு, அதை நான் மறைக்கல. நடந்து போறவனுக்கு தூரம் ஜாஸ்தி, சட்டசபை, ஐகோர்ட் இருக்கற கேபிடல் பக்கம் நிழலே இல்லாத பெரிய வெட்டவெளி, கட்டிட வேலைக்கு வந்த கூலி ஜனங்களுக்கு அந்த அழகான பிளான்ல இடமே இல்ல. திட்டவேண்டியதைத் திட்டலாம். அதுக்காக ஊர்மிளா யூலி சௌத்ரி, ஆதித்ய பிரகாஷ் மாதிரி அங்க வேலை செஞ்ச நம்ம ஆளுங்களையும், லெ கார்பூசியேவோட கூட்டாளி பியர் ஜெனரே மேற்பார்வையில பிரம்பும் தேக்கும் வெச்சு செஞ்ச ஆபீஸ் நாற்காலிகளையும் சேர்த்துத் தூக்கிப் போட முடியாது. அந்த நாற்காலியை பழசு, உடைசல்னு சர்க்கார் ஆபீஸ்கள் ஏலத்துல தள்ளிவிட்டாங்க, வாங்கினவன் துடைச்சு பாலிஷ் போட்டு பாரிஸ்லயும் நியூயார்க்லயும் பெரிய விலைக்கு வித்தான். 2011-ல மத்திய உள்துறை தடை போட்டப்போ எவ்வளவோ கப்பல் ஏறிப் போயாச்சு.

சரி, உங்க காலேஜ் பிளாக் உள்ள உக்காந்தா வேகுதேன்னு கேப்பீங்க. வேகும். அது கட்டினவன் தப்பான்னு முதல்ல பாருங்க. அந்தக் காலத்து பிளாக்ல பெரும்பாலும் ரூமுக்கு ரெண்டு பக்கமும் திறப்பு இருக்கும், ஒரு பக்கம் வராண்டா, மேல சிமெண்ட் ஜாலி, வெளியில நீட்டின சன்ஷேடு. பின்னாடி வந்தவங்க வராண்டாவை அடைச்சு ஸ்டோர் ரூம் ஆக்கிடுவாங்க, ஜாலியில பிளைவுட் அடிப்பாங்க, ஏசி வெக்கறோம்னு ஃபால்ஸ் சீலிங் போட்டு மேல் காத்தை நிறுத்துவாங்க, கரண்ட் போனதும் பழைய பில்டிங் ஒரே புழுக்கம்னு சொல்வாங்க. வெளியில கருப்பு கோடு கோடா ஒழுகியிருக்கே அது மொட்டை மாடியில மழைத்தண்ணி பைப்பு அடைச்சுக் கிடக்கறதால. கம்பி வெளியில தெரியுதே அது தண்ணி இறங்கி கம்பி துரு பிடிச்சு, துரு ஊதி, மேல இருக்கற கான்கிரீட்டைப் பேத்துத் தள்ளினதால. ஆரம்பத்துலயே கவனிச்சா இதுக்கு வைத்தியம் இருக்கு. அந்த இடத்துல நீங்க சொல்ற கண்ணாடி பிளாக் வந்தா என்ன ஆகும்? கண்ணாடி வழியா வெயில் உள்ள வந்து தரையையும் மேஜையையும் சூடாக்கும், அந்தச் சூடு திரும்ப வெளியில போக வழி இருக்காது, ஜன்னல் திறக்காது, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஏசி ஓடணும். வெயிலுக்கு ஒத்துவராத டப்பான்னு நீங்க சொன்னது இதுக்குத்தான் சரியாப் பொருந்தும், இது வந்தது நம்ம மாடர்ன் ஆளுங்க காலத்துக்கு ரொம்பப் பின்னாடி.

டெல்லி பிரகதி மைதானத்துல ஹால் ஆஃப் நேஷன்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு. 1972-ல கட்டி முடிச்சது, ராஜ் ரேவல் வரைஞ்சது, மகேந்திர ராஜ் இன்ஜினியர். உள்ள ஒரு தூண் கிடையாது, முக்கோணம் முக்கோணமா கோத்த சட்டக்கூடு அவ்வளவு பெரிய இடத்தைத் தாங்கி நின்னுச்சு. உலகத்துல மத்த இடத்துல அந்த மாதிரி கூட்டை இரும்புக் குழாய்ல செய்வாங்க, நம்மகிட்ட அப்ப அந்த இரும்பு கட்டுபடியாகற விலைக்குக் கிடைக்கல, அதனால ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு முடிச்சும் கான்கிரீட்ல, கூலி ஆளுங்க தலையில சுமந்து ஏத்தி ஊத்தி செஞ்சாங்க. இல்லாமைக்கு நடுவுல இப்படி ஒரு கணக்கும் இப்படி ஒரு உழைப்பும். அதை பாரம்பரியம்னு அறிவிக்கச் சொல்லி கேட்டப்போ, 60 வருஷம் ஆகலைன்னு சொல்லிட்டாங்க. 2017 ஏப்ரல்ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சாங்க. வயசு 45. 60 ஆகறதுக்குள்ள இடிச்சுட்டா 60 வயசுக் கட்டிடம் எங்கேயிருந்து வரும், இதை எனக்கு யாராவது விளக்கணும்.

அதே சமயம் அகமதாபாத் ஐஐஎம்-மையும் பாருங்க. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயிஸ் கான் வடிவமைச்சது, பி.வி. தோஷி கூட நின்னு வேலை பாத்தது, செங்கல் சுவர்ல பெரிய பெரிய வட்டத் திறப்பு, வளைவு அகலாம இருக்க கீழ கான்கிரீட் கட்டை. செங்கல் அரிச்சு, ஒழுகி, 2001 பூகம்பத்துல அடியும் வாங்கினது. அங்க விக்ரம் சாராபாய் நூலகத்தை முறையா சீரமைச்சாங்க, 2019-ல யுனெஸ்கோ விருதும் கிடைச்சுது. அப்படி இருந்தும் 2020 டிசம்பர்ல 18 விடுதியில 14-ஐ இடிக்கறோம்னு நிர்வாகம் அறிவிச்சுது, உலகம் பூரா எதிர்ப்பு வந்ததும் சில நாள்ல வாபஸ் வாங்கினாங்க, 2022-ல மறுபடியும் இடிச்சுக் கட்டறதைப் பத்தி அறிவிப்பு விட்டாங்க. ஒரே வளாகத்துல சரி பண்ண முடியும்ங்கறதுக்கு சாட்சி நிக்குது, முடியாதுங்கற வாதமும் நடக்குது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது இதுதான். 1960-ல கட்டினது எல்லாமே பொக்கிஷம்னு சொல்ல வரல, அந்தக் காலத்துல மோசமா கட்டினதும் ஏராளம், சர்க்கார் டைப் பிளானை ஊர் ஊரா அப்படியே இறக்கினதும் உண்டு. உங்க பிளாக் எந்த வகைன்னு இங்க இருந்து என்னால சொல்ல முடியாது, உங்களால முடியும். நிர்வாகத்துகிட்ட பழைய டிராயிங் இருக்கான்னு கேளுங்க, யார் வரைஞ்சாங்கன்னு அதுல பேர் இருக்கும். கான்கிரீட்டைத் துளை போட்டு எடுத்து பலம் பாத்த டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு கேளுங்க, வெறும் கண்ணால பாத்து ஆபத்துன்னு எழுதின கடுதாசி செல்லாதுன்னு சொல்லுங்க. ஒரு வகுப்புல பிளைவுட்டை எடுத்துட்டு, வராண்டாவைக் காலி பண்ணிட்டு, மே மாசத்துல ஒரு மத்தியானம் உள்ள உக்காந்து பாருங்க. அந்த ரிப்போர்ட்ல நிஜமாவே கூரை தாங்காதுன்னு வந்தா, பசங்க உசிரை விட கட்டிடம் பெருசில்ல, இடிக்கட்டும், இடிக்கறதுக்கு முன்னாடி முழுசா அளந்து வரைஞ்சு, போட்டோ எடுத்து, உங்க காலேஜ் லைப்ரரியிலயே ஒரு காப்பி வெக்கச் சொல்லுங்க. தாங்கும்னு வந்தா அந்த ஆர்க்கிடெக்ட்டுங்க நீட்டற பேப்பர்ல நீங்களும் கையெழுத்துப் போடுங்க.