முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு கரண்ட் வச்சா மூத்திரம் தானா போகுமாமே, நிஜமா? மோட்டார்சைக்கிள்ல விழுந்த என் தம்பிக்கு செய்யலாமா? இன்னும் கல்யாணம் ஆகாத பையன்.

நானும் உங்க தம்பி மாதிரி மோட்டார்சைக்கிள்ல விழுந்தவன் தான், கோலாலம்பூர்ல வீல்சேர்ல ஓடிக்கிட்டு இருக்கேன். டாக்டர் இல்ல, ஆனா இத பத்தி டாக்டருங்கள நல்லா நோண்டியிருக்கேன்.

கரண்ட்னு சொல்றதுல பல வகை இருக்கு. கணுக்கால்ல ஊசி வச்சு குடுக்குறது, பிட்டத்துக்கு மேல பேட்டரி வைக்கிறது எல்லாம் அவசரமா முட்டிக்கிட்டு வர்றத அடக்கத்தான் அதிகமா செய்றாங்க. நரம்பு முழுசா போனவங்களுக்கு அது மூத்திரப்பைய காலி பண்ணிக் குடுக்கும்னு நம்பி இருக்காதீங்க.

நீங்க கேள்விப்பட்டது பிரிண்ட்லி ஸ்டிமுலேட்டரா இருக்கும். இங்கிலாந்துல ஜைல்ஸ் பிரிண்ட்லி 1970கள்ல கொண்டு வந்தது, அமெரிக்காவுல 1998ல தான் அனுமதி கிடைச்சுது. முதுகுத்தண்டோட அடியில இருந்து மூத்திரப்பைக்கு போற எஸ்2 முதல் எஸ்4 வரைக்குமான நரம்பு வேர்ல எலெக்ட்ரோட் மாட்டி ரிசீவர தோலுக்கு அடியில வச்சு தைச்சிடுவாங்க, உள்ள பேட்டரி கிடையாது, வெளிய இருந்து கண்ட்ரோலர் காயில அது மேல வச்சு பட்டன அமுக்கணும். கரண்ட் போனதும் பையும் சுருங்கும், மூத்திரம் வெளிய வர்ற வாசல் தசையும் இறுகும், அப்புறம் எப்படிடா வெளிய வரும்னு தோணும்ல? கரண்ட் நின்னதும் வாசல் தசை சட்டுனு விட்டுடும், பை மெதுவா தான் தளரும், அந்த கேப்புல பீய்ச்சும். அதான் விட்டு விட்டு வரும்.

சிக்கல் என்னன்னா வழக்கமா அதே ஆபரேஷன்ல பின்பக்க உணர்ச்சி வேர வெட்டிடுவாங்க. பை தானா துடிக்காது, ஒழுகுறது நிக்கும், கிட்னிக்கும் நல்லது. ஆனா தானா வர்ற விறைப்பும் போயிடும், கொஞ்சநஞ்சம் உணர்ச்சி இருந்தா அதுவும் போச்சு, திரும்ப ஒட்ட முடியாது. கல்யாணம் ஆகாத பையன்னு எழுதியிருக்கீங்க, வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் சொல்லாம விட்டுடுவாங்கன்னு தான் பச்சையா சொல்றேன், முடிவு தம்பியோடது, அம்மாவோடது இல்ல. அடி முதுகுத்தண்டோட கடைசி நுனியில பட்டிருந்தா இந்த மெஷின் வேலைக்கே ஆகாது, அங்க இருந்து பைக்கு போற நரம்பு உயிரோட இருக்கணும்.

நான் டியூப் தான், நாலஞ்சு மணிக்கு ஒருக்கா நானே போட்டு எடுத்துக்குவேன். மால்ல ஓகேயூ டாய்லெட்ட (மாற்றுத்திறனாளிங்களுக்கானது) தொறந்தா மாப்பும் வாளியும் தான் நிக்கும், அந்த கடுப்பு வேற கதை.

மொதல்ல சேராஸ் ரிஹேப் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல யூரோடைனமிக் டெஸ்ட் பத்தி கேளுங்க, பையில பிரஷர் எவ்வளவு ஏறுதுன்னு தெரியாம ஸ்டிமுலேட்டர் பேச்சே வேணாம். அப்புறம், தம்பி வேலைக்கு போற வழியில விழுந்தாருன்னா சொக்சோவுல (தொழிலாளர் காப்பீட்டு நிறுவனம்) கிளெய்ம் கேட்டீங்களா?