காதுக்கும் கண்ணுக்கும் பரீட்சை: ஆங்கில லிசனிங், ரீடிங் பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லிசனிங், ரீடிங் தேர்வுகளைப் பற்றியவை. பள்ளித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டுப் படிப்புக்காக ஐயெல்ட்ஸ் (IELTS) என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

என் மகள் சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு. பள்ளியில் லிசனிங்குக்கு 5-க்கு 5. ஆனால் பயிற்சி மையத்தில் வைத்த ஐயெல்ட்ஸ் மாதிரித் தேர்வில் லிசனிங் 9-க்கு 4.5 தான் வந்தது. எதை நம்புவது?
(ஒரு தாய், கோயம்புத்தூர்)

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. பள்ளியில் நடக்கும் லிசனிங், அகமதிப்பீட்டின் ஒரு சிறு பகுதி. பழகிய ஆசிரியரின் குரல், பழகிய உச்சரிப்பு, பழகிய வகுப்பறை. குழந்தை தடுமாறினால் இன்னொரு முறை வாசித்துக் காட்டும் ஆசிரியர்களும் உண்டு. அதில் முழு மதிப்பெண் என்றால் மொழி அடிப்படை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயெல்ட்ஸில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். 4 பகுதிகள், 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, வட அமெரிக்க உச்சரிப்புகள் கலந்து வரும். முதல் பகுதி இரண்டு பேர் பேசும் அன்றாட உரையாடல்: அறை பதிவு செய்வது, வகுப்பில் சேர விசாரிப்பது போன்றவை. இரண்டாவதில் ஒருவர் மட்டும் ஓர் இடத்தையோ ஏற்பாட்டையோ விளக்குவார். மூன்றாவது மாணவர்களும் ஆசிரியரும் ஒரு புராஜெக்ட் பற்றிப் பேசுவது. நான்காவது கல்லூரி விரிவுரை.

40-க்கு 16 சரியாக இருந்தால் ஏறக்குறைய 5, 23-க்கு 6, 30-க்கு 7, 35-க்கு 8 என்று பேண்ட் (மதிப்பெண் நிலை) கிடைக்கும். அதனால் 4.5 என்றால் 16-க்குக் கீழே. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்படாமல், விடைத்தாளை வாங்கி எந்தப் பகுதியில் எத்தனை போனது என்று பாருங்கள். முதல் பகுதியிலேயே போயிருந்தால் பெரும்பாலும் எண்களும் ஸ்பெல்லிங்கும்தான் காரணம்; சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றிலும் நான்கிலும் சரிந்திருந்தால், நீண்ட பேச்சைப் பின்தொடரும் பழக்கம் இல்லை என்று அர்த்தம். அதற்கு மாதக்கணக்கில் காது கொடுக்க வேண்டும்.

அந்த மையத்தில் தினமும் ஒரு மாதிரித் தேர்வு வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். தேர்வு வைப்பதால் மட்டும் காது பழகாது. வாரத்துக்கு ஒரு தேர்வு போதும். மீதி நாட்கள் அந்தத் தேர்வில் தவறவிட்ட இடங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு. எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஆங்கிலம் படித்தால் ஓரளவு புரிகிறது. யாராவது பேசினால் ஒன்றுமே புரிவதில்லை. வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. போன் மட்டும் இருக்கிறது.
(ஒரு மாணவர், அரியலூர் மாவட்டம்)

தம்பி, வந்த கேள்விகளிலேயே முக்கியமானது உங்களுடையதுதான். படித்தால் புரிகிறது என்றால் சொற்கள் உங்களிடம் இருக்கின்றன. அவை பேச்சில் எப்படி உருமாறுகின்றன என்பதுதான் இன்னும் பழகவில்லை.

தமிழில் புணர்ச்சி படித்திருப்பீர்கள். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பேச்சிலும் அதுவேதான் நடக்கிறது, எழுத்தில்தான் காட்டமாட்டார்கள். 'பிக் இட் அப்' என்று மூன்று சொல்லாக எழுதியிருப்பது காதில் 'பிக்கிட்டப்' என்று விழும். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்பது வேகத்தில் 'வாட்யகன டூ' போலக் கேட்கும். 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'ஹேவ்' போன்ற சின்னச் சொற்கள் பாதி விழுங்கப்படும். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எதிர்பார்த்து உட்கார்ந்தால் எதுவும் பிடிபடாது.

செய்ய வேண்டியது இது. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும் ஒலிப்பதிவு ஒன்றை எடுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் தளத்திலும், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் டீன்ஸ் தளத்திலும் இவை இலவசம். இரண்டாவதில் நிலைவாரியாகப் பிரித்திருப்பார்கள், எளியதிலிருந்து தொடங்கலாம். இரண்டு நிமிடப் பகுதி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். யார் பேசுகிறார்கள், எதைப் பற்றி என்பது மட்டும் பிடிபட்டால் போதும். அப்புறம் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை நோட்டில் எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போங்கள். முடித்ததும் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்ட இடங்களைச் சிவப்பில் நிரப்புங்கள்.

அந்தச் சிவப்பு இடங்கள்தான் உங்கள் பாடப்புத்தகம். ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். சொல்லே தெரியாதா? தெரிந்த சொல்தான், காதில் அடையாளம் தெரியவில்லையா? அல்லது கேட்டது, ஆனால் எழுதுவதற்குள் மறந்துவிட்டதா? தெரியாத சொல்லுக்கு அகராதி. மறந்துபோவதற்கு, வாக்கியம் முடியும்வரை காத்திருந்து எழுதும் பழக்கம். தெரிந்த சொல் பிடிபடாவிட்டால், அந்த வாக்கியத்தை அவர்கள் சொல்வது போலவே, அதே வேகத்தில், நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாக்கு ஒரு முறை சொல்லிப் பழகிய ஒலியைக் காது எளிதில் பிடிக்கும். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வகைத் தவறுதான் அதிகம் வரும், சரிசெய்யக் கூடியதும் இதுதான்.

உங்கள் ஆங்கிலப் பாடநூலிலேயே லிசனிங் பயிற்சிகள் இருக்கின்றன. பொதுத்தேர்வில் தனி லிசனிங் தாள் இல்லை என்பதால் பல வகுப்புகளில் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள், மறுநாள் நீங்கள் வாசியுங்கள். தினமும் 20 நிமிடம் போதும்.

எண்களும் ஸ்பெல்லிங்கும் என்னைக் கவிழ்க்கின்றன. 13-ஆ 30-ஆ என்று எப்போதும் குழப்பம்.
(பிளஸ் டூ மாணவி, திருச்சி)

அழுத்தத்தைக் கேளுங்கள். 'தர்ட்டீன்' என்பதில் பின்பகுதி நீண்டு அழுந்தி வரும். 'தர்ட்டி'யில் முன்பகுதி அழுந்தி, முடிவு குறுகிவிடும். 14/40 முதல் 19/90 வரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது நம்மவர்கள் தடுமாறுவது 'பி'க்களில். 'பேப்பர்' என்பதன் முதல் எழுத்தைச் சொல்லும்போது காற்று வெடித்து வெளியே வரும். 'பஸ்' என்பதன் முதல் எழுத்தில் அந்தக் காற்று இருக்காது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆஸ்திரேலியர்கள் 'ஏ' என்ற எழுத்தைச் சொன்னால் நம் காதுக்கு 'ஐ' போல விழலாம். பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள்.

இன்னொன்று, முதலில் கேட்ட எண்ணையோ நாளையோ எழுதிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். 'செவ்வாய்க்கிழமை வருகிறேன்... இல்லை, அன்று வேலை இருக்கிறது, வியாழன் வைத்துக்கொள்வோம்' என்று பேச்சு திரும்பும். கேள்வி கேட்பது வியாழனைத்தான். விடையில் பன்மை 'ஸ்' விட்டுப்போனாலும், 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்ற இடத்தில் மூன்று எழுதினாலும் மதிப்பெண் போய்விடும்.

காம்ப்ரிஹென்ஷனில் முதலில் பத்தியைப் படிப்பதா, கேள்வியைப் படிப்பதா? எங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(சிபிஎஸ்இ மாணவர், மதுரை)

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. சிபிஎஸ்இ தாளில் பத்திகள் சிறியவை. பத்தாம் வகுப்பில் ரீடிங் பகுதிக்கு 20 மதிப்பெண், இரண்டு பத்திகள். கேள்வித்தாளைப் படிக்கத் தனியாக 15 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு பத்திகளையும் முழுதாக, நிதானமாகப் படித்துவிடுங்கள், அப்புறம் கேள்விகள். கேள்வியை முதலில் பார்த்துவிட்டுப் பத்தியில் சொல் தேடி ஓடுகிறவர்கள், 'எழுத்தாளரின் தொனி என்ன', 'இதிலிருந்து என்ன ஊகிக்கலாம்' என்ற கேள்விகளில் மாட்டிக்கொள்கிறார்கள். அவற்றுக்கு விடை ஒரே வரியில் கிடைக்காது. வரைபடமோ அட்டவணையோ உள்ள பத்தியில் தலைப்பு, ஆண்டு, அலகு மூன்றையும் முதலில் பாருங்கள். சதவீதமா எண்ணிக்கையா என்று பார்க்காமல் எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

ஐயெல்ட்ஸில் வருவது பல பத்திகள் கொண்ட நீளமான கட்டுரைகள். அங்கே இரண்டு மூன்று நிமிடம் மேலோட்டமாகப் பார்த்து, எந்தப் பத்தியில் எது பேசப்படுகிறது என்று மட்டும் புரிந்துகொண்டு கேள்விக்குப் போங்கள். கோடிட்ட இடம் நிரப்புவது, ட்ரூ/ஃபால்ஸ்/நாட் கிவன் (கூற்று சரியா, தவறா, கட்டுரையில் சொல்லப்படவே இல்லையா) போன்றவற்றில் விடைகள் பெரும்பாலும் கட்டுரையின் வரிசையிலேயே வரும். பத்திக்குத் தலைப்பு பொருத்துவதில் அந்த வரிசை இருக்காது.

'ஃபால்ஸ்' எது, 'நாட் கிவன்' எது என்பதில் மட்டும் எப்போதும் தோற்கிறேன்.
(பிளஸ் டூ மாணவி, சென்னை)

ஓர் எடுத்துக்காட்டு. கட்டுரையில் இப்படி இருக்கிறது: '1930-களில் கட்டப்பட்ட அந்தப் பாலம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.' இப்போது இரண்டு கூற்றுகள். 'பாலம் தற்போது மூடப்பட்டுள்ளது': இதைக் கட்டுரை நேராக மறுக்கிறது, ஆகவே ஃபால்ஸ். 'அந்த ஊரில் கட்டப்பட்ட முதல் பாலம் அதுதான்': முதலாவதா என்று கட்டுரை எதுவும் சொல்லவில்லை, ஆகவே நாட் கிவன்.

ஃபால்ஸ் என்று எழுதும் முன் ஒரு சோதனை: 'சரியான செய்தி இதுதான்' என்று கட்டுரையில் ஒரு வரியில் விரல் வைக்க முடிகிறதா? முடிந்தால் ஃபால்ஸ். விரல் வைக்க வரி இல்லையென்றால் நாட் கிவன். உங்களைப் போன்ற நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாடம் வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். தெரிந்ததை வைத்து விடை எழுதிவிடுகிறார்கள். தேர்வு அந்தத் தாளில் அச்சாகியிருப்பதை மட்டும்தான் கேட்கிறது.

மூவாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். படித்த பத்தியிலிருந்து ஐந்து சொற்களை, அவை வந்த வாக்கியத்தோடு எழுதி வையுங்கள்.

ரீடிங்கில் மூன்றாவது கட்டுரைக்கு நேரமே மிஞ்சுவதில்லை. மெதுவாகத்தான் படிக்க வருகிறது.
(பிளஸ் டூ முடித்த மாணவர், திருநெல்வேலி)

ஐயெல்ட்ஸ் ரீடிங் 60 நிமிடம், 3 கட்டுரைகள், 40 கேள்விகள். விடைகளைக் குறிப்பதும் அதற்குள்தான். மூன்றாவது கட்டுரைதான் பெரும்பாலும் கடினமானது. அதனால் நேரத்தைச் சமமாகப் பங்கிடாமல் 16, 20, 24 என்று ஒதுக்கிப் பாருங்கள். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடம் போனால் ஏதாவது ஒரு விடையைப் போட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், ஆகவே காலியாக எதையும் விடாதீர்கள்.

மெதுவாகப் படிப்பதற்குக் காரணம் சின்ன வகுப்பிலிருந்து வாய்விட்டுப் படித்த பழக்கமாக இருக்கலாம். உதடு அசைகிறதா என்று கவனியுங்கள். செய்தித்தாளில் ஒரு கட்டுரையை எடுத்து, உதட்டை அசைக்காமல், சொல் சொல்லாக அல்லாமல் சொற்றொடராகக் கண்ணை நகர்த்திப் படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அது என்ன சொன்னது என்று தமிழிலேயே ஒரு வரி மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி வரவில்லை என்றால் கண்தான் ஓடியிருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை.

ஆங்கிலப் படம் பார்த்தால் லிசனிங் வளருமா?

ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு முறை, அதே காட்சியை சப்டைட்டில் இல்லாமல் இன்னொரு முறை பார்த்தால் வளரும். தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தால் கண் படித்துக்கொண்டே போகும், காதுக்கு வேலை இருக்காது.

என் மகனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. லிசனிங் தேர்வை அவன் எப்படி எழுதுவான்?
(ஒரு தந்தை, ஈரோடு)

எழுதலாம், அதற்கு முறையான வழி இருக்கிறது. முதலில் ஒரு ஆடியோமெட்ரி (கேட்கும் திறனை அளக்கும்) பரிசோதனை செய்து, மருத்துவச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வுக்கு, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ஐயெல்ட்ஸில் செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு: ஒலி கூட்டிய ஹெட்போன், கூடுதல் நேரம், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கென ஒரு வடிவம் ஆகியவை. இவை தேர்வன்று கேட்டால் கிடைக்காது. தேர்வுக்குப் பதியும் முன்பே மையத்தை அணுகிச் சான்றுகளைக் கொடுக்க வேண்டும். 'சமாளித்துக்கொள்வான்' என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அவனுக்கு உரிமை உள்ளதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

ஐயெல்ட்ஸைப் பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாமா, முடித்த பிறகா?
(ஒரு மாணவி, வேலூர்)

மதிப்பெண் சாதாரணமாக 2 ஆண்டுகள் செல்லும். பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் தயாராகி, காலாண்டுத் தேர்வையொட்டி எழுதிவிடுவது நல்லது. ஜனவரிக்கு மேல் பொதுத்தேர்வுப் படிப்பில் இதற்கு இடமிருக்காது. எதிர்பார்த்தது வராவிட்டால், பொதுத்தேர்வு முடிந்து இன்னொரு முறை எழுத நேரம் இருக்கும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் இன்ஷியலும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த இன்ஷியலில்தான் விண்ணப்பம் சிக்கும்.