ஆயாவுக்கு என்ன வயசு?

கேள்வி: எங்கள் ஆயா போன வாரம் தவறிவிட்டார். கல்மண்டபம் பக்கம் ஒரு சந்து முனையில் நாற்பது வருஷத்துக்கு மேல் இட்லிக்கடை போட்டவர். பதினாறாம் நாள் படம் திறக்கிறோம். கீழே தோற்றம், மறைவு போட வேண்டும். பிறந்த வருஷம் யாருக்கும் தெரியவில்லை. ஆதாரில் 1947. பெரிய மாமா 1938 என்று அடித்துச் சொல்கிறார். ஆயாவோ, ‘ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஊரே காலி பண்ணிக்கினு ஓடுச்சு, நான் அப்ப தவழுற கொழந்த’ என்பார். அவரைப் பற்றி ஒரு பக்கம் அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் ஆசை. எழுத உட்கார்ந்தால் ‘அன்பே உருவானவர்’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு பேத்தி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: ஆதாரை எடுத்து பீரோவில் வையுங்கள். வயசை ஆயாவே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். பட்டணம் காலியானது 1942 ஏப்ரலில். அந்த மாசம் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது சென்னைத் துறைமுகம்தான் என்று பேச்சு கிளம்பியது. இங்கே அவசியமில்லாதவர்கள் வெளியூர் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. துறைமுகத்து மதிலை ஒட்டிக் குடியிருந்த ராயபுரத்துக்காரர்களுக்குச் சர்க்கார் சொல்லித்தானா தெரிய வேண்டும்? மூட்டையைக் கட்டிவிட்டார்கள். (சென்ட்ரல் பக்கத்தில் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வம்பு என்று சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறாது.)

அன்றைக்குத் தவழ்ந்த குழந்தைக்கு எட்டு மாசம், மிஞ்சினால் பத்து மாசம் இருக்கும். ஆக, 1941. மாமாவிடம் சொல்லுங்கள்: 1938இல் பிறந்திருந்தால் ஆயா தவழ்ந்திருக்க மாட்டார், கூட்டத்தோடு ஓடியிருப்பார். தைரியமாக 1941 என்று போடுங்கள்.

அந்தத் தலைமுறைக்குத் தேதி தெரியாது, நடந்தது தெரியும். என் ஆயா கணக்குப்படி என் அண்ணன் ‘மெரினாவுல கப்பல் கரை தட்டுச்சே, அந்தப் புயலுக்கு மக்கா நாளு’ பிறந்தவன். அதாவது 1966 நவம்பர். நான் ‘அண்ணா செத்து நாப்பதாம் நாளு’. கணக்குப் போட்டால் 1969 மார்ச். என் பள்ளிச் சான்றிதழில் ஜூன் என்று இருக்கிறது. அது ஹெட்மாஸ்டர் பெற்ற பிள்ளை.

இனி அந்த ஒரு பக்கம். ‘அன்பே உருவானவர்’ எங்கள் பேனர் கடையில் ரெடியாகவே இருக்கிறது, படத்தையும் பெயரையும் மாற்றுவதுதான் வேலை. அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் இட்லியை எழுதுங்கள். அரிசிக்கு உளுந்து எத்தனைக்கு எத்தனை போட்டார்? ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்கு எப்போது மாறினார், மாறியதற்குப் புலம்பினாரா? 2003, 2004 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரி வராத நாட்களிலும் கடை போட்டாரா, தட்டு கழுவ என்ன செய்தார்? இதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். விடிகாலையில் நாஷ்டாவுக்கு வந்த ஆட்டோக்காரர்களுக்கும் துறைமுகத்து ஆட்களுக்கும் தெரியும். படத்திறப்புக்கு எப்படியும் வருவார்கள். அதற்கு முன்னால் போய்ப் பிடியுங்கள். ஆயா வாயிலிருந்து வந்த திட்டில் இரண்டையாவது அப்படியே சேருங்கள். கடன் சொல்லிவிட்டுப் போனவனை அவர் எப்படிக் கூப்பிட்டார் என்பது இல்லாமல் அந்தப் பக்கம் சப்பென்று இருக்கும்.

கடன் என்றதும் ஒன்று. என் ஆயா ராயபுரத்தில் கூடையில் கருவாடு விற்றவர். நெத்திலி, வாளை, சென்னாக்குனி. பாதித் தெருவுக்குக் கடன்தான். எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கெல்லாம் கதவுக்குப் பின்பக்கம், அடுப்புக்கரியில். ஆளுக்கொரு படம்: ரிக்‌ஷாக்காரருக்குச் சக்கரம், தையல்காரருக்குக் கத்தரிக்கோல், மூன்றாம் வீட்டு அம்மாவுக்கு மூக்குத்தி. படத்துக்குப் பக்கத்தில் ரூபாய்க்கு ஒரு கோடு, எட்டணாவுக்கு அரைக்கோடு. துட்டு கைக்கு வந்ததும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு கோட்டைத் தேய்ப்பார். அந்த இடமெல்லாம் மரம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. கதவுக்கு அடியில், தரையை ஒட்டி, தேள் மாதிரி ஒரு படம். பக்கத்தில் ஏழு கோடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஏழு குறையவே இல்லை. யாருடையது என்று கேட்டால், ‘உனுக்கு இன்னாத்துக்குடா அது?’

ஆயா போனது 1994 கார்த்திகையில். தைப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்தோம். கதவுக்குப் பச்சைப் பெயிண்ட், இரண்டு கோட்டிங். பிரஷ்ஷைப் பிடித்தது நான்தான். பண்டிகை முடிந்த பிறகுதான், ‘அந்தத் தேளு யாருடா?’ என்றார் அம்மா.

அதனால் உங்கள் ஆயாவின் சுருக்குப்பை, கல்லாப்பெட்டி, இட்லிக்குண்டான், கடையை ஒட்டிய சுவர் எதையும் யாரும் துடைத்து வைப்பதற்குள் போய்ப் பாருங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் துடையுங்கள்.

கேள்வி: அடிக்கடி ‘ஆயா, ஆயா’ என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். சொந்தப் பாட்டியை அப்படிக் கூப்பிட ஒரு மாதிரியாக இல்லையா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பிள்ளை பார்க்கிற ஆயா போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். எங்கள் ஆயா தமிழ். ஆய் என்றால் தாய். உங்களுக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் கேட்டுப் பாருங்கள், செட்டியார் வீடுகளில் அம்மாவைப் பெற்றவர் ஆயாதான். வடசென்னையில் அம்மாவைப் பெற்றவர், அப்பாவைப் பெற்றவர், எதிர்வீட்டுக் கிழவி, இட்லிக்கடைக்காரர் எல்லாருமே ஆயா. ‘பாட்டி’ எங்களுக்கு ரேடியோவில்தான் அறிமுகம். நான் மூன்றாவது படிக்கும்போது புதிதாக வந்த டீச்சர் வழியில் என் ஆயாவைப் பார்த்து, ‘நல்லா இருக்கீங்களா பாட்டி?’ என்றார். ஆயா கூடையை இறக்கி வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: ‘யார்ரா இது, ஊருக்குப் புச்சா?’