இருட்டிலிருந்து வெளிச்சத்தைத் துடைத்தெடுங்கள்

கேள்வி: கவின்கலைக் கல்லூரியில் படித்தவள் நான். 14 ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் கோயில்களை வரைந்து விற்று வருகிறேன். கோபுரம், தேர், குளத்துப் படிக்கட்டு எல்லாம் எனக்குக் கைவந்தவை. திருமணமாகி ஆலந்தூருக்கு வந்தபிறகு, தினமும் கண்ணில் படும் கத்திப்பாரா மேம்பாலத்தையும் மெட்ரோ தூண்களையும் வரைய ஆசை. மாடியில் தகரக் கூரை போட்ட அறையை ஸ்டூடியோவாக்கிக்கொண்டு, அக்ரிலிக் வண்ணமும் கித்தானும் வாங்கி ஓராண்டாக முயல்கிறேன். கைப்பேசியில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் வரைகிறேன். வண்ணம் சேறாகிவிடுகிறது. தூண்கள் உயிரில்லாமல் நிற்கின்றன. 11 கித்தான்கள் பாதியில் கிடக்கின்றன. என் ஓவியங்களை விற்றுத்தருபவர், “பேசாமல் கோபுரத்துக்கே திரும்புங்கள்” என்கிறார். அவர் சொல்வதுதான் சரியா? அல்லது கத்தியால் வண்ணம் தீட்டுவது, காகிதத் துண்டுகளை ஒட்டும் கொலாஜ் என்று வேறு உத்திக்கு மாற வேண்டுமா?

– ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பியிருந்த படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மேல் வரிசையில் கோபுரங்கள், கீழ் வரிசையில் மேம்பாலங்கள். மாறி மாறிப் பார்த்தேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கோபுரத்தை எந்தப் பழக்கத்தில் வரைந்தீர்களோ அதே பழக்கத்தில் மேம்பாலத்தையும் வரைந்திருக்கிறீர்கள். இடம் மாறிவிட்டது, பொருள் மாறிவிட்டது, வண்ணமும் மாறிவிட்டது. பார்க்கும் முறை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

நீர்வண்ணத்தில் வெளிச்சத்தை யாரும் தீட்டுவதில்லை. விட்டுவைக்கிறோம். காகிதத்தின் வெண்மைதான் வெயில். உங்கள் தெப்பக்குளப் படத்தில் படிக்கட்டின் விளிம்பில் ஒரு நூல் அகலத்துக்குக் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு நூலில் முற்பகல் பதினொரு மணி வெயில் முழுவதும் இருக்கிறது. 14 ஆண்டு உழைப்பு அது. அக்ரிலிக்குக்கு வந்ததும் அந்த வெண்மை போய்விட்டது. அதற்குப் பதிலாகக் குழாயிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி எல்லா வண்ணத்திலும் கலக்கிறீர்கள். வெள்ளை கலந்த வண்ணம் சுண்ணாம்பு போல மங்கும். ஈரத்தில் பால் போல வெளிறியிருக்கும் அக்ரிலிக்கின் பசை காயும்போது தெளிந்துவிடுவதால், வண்ணம் ஒரு படி கறுக்கவும் செய்யும். கறுத்ததைச் சரிசெய்ய மேலும் வெள்ளை, அதன்மேல் மேலும் கறுப்பு. சேறு பிறப்பது இப்படித்தான். போதாததற்கு உங்கள் அறையில் தகரக் கூரை. நண்பகலில் அங்கே வண்ணம் ஒரு நிமிடத்தில் தோல் கட்டிவிடும். பாதி காய்ந்த வண்ணத்தின்மேல் தூரிகையை இழுத்தால் கிழிசலும் சேறும்தான் மிஞ்சும்.

இதற்குச் சில எளிய ஏற்பாடுகள் போதும். விடிந்ததும் இரண்டு மணி நேரம் மட்டும் அக்ரிலிக்கில் வேலை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு தட்டில் நனைத்த துணியை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டு வண்ணத்தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டின் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கலவை வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் சேர்த்துப் பாருங்கள். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வெயிலில் சுட்ட சாம்பல். மேம்பாலத்தின் அடிவயிறு வெறும் சாம்பலாக இருப்பதே இல்லை. கீழே ஓடும் சாலையின் சூடு அதில் ஏறியிருக்கும்.

ஆனால் உங்கள் படங்களில் உயிர் இல்லாததற்குக் காரணம் வண்ணத்தட்டு மட்டுமல்ல. அதனால்தான் கத்தியும் கொலாஜும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். கத்தி கான்கிரீட்டின் சொரசொரப்பைத் தரும், கொலாஜ் சுவரொட்டிக் கிழிசலைத் தரும். இரண்டுமே மேற்பரப்பைத்தான் மாற்றும். உங்களுக்கு வேண்டியது வெளிச்சத்தைப் பற்றிய வேறொரு பழக்கம்.

கோயிலுக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது. நகரத்துக்கு, அதுவும் நீங்கள் வரைய விரும்பும் மாலை நகரத்துக்கு, வெளிச்சம் இருட்டுக்குள்ளிருந்து வருகிறது. பஸ்ஸின் ஜன்னல் வரிசை, இளநீர் வண்டியில் தொங்கும் ஒற்றை விளக்கு, ஈரச் சாலையில் நீளும் சிவப்பு, மேலே மெட்ரோ ரயில் இழுத்துச் செல்லும் வெள்ளைக் கோடு. இவற்றை விட்டுவைத்துக் காட்ட முடியாது. முதலில் இருட்டு இருக்க வேண்டும், அதிலிருந்து வெளிச்சத்தை எடுக்க வேண்டும். (சோடியம் விளக்குகளின் மஞ்சள் போய் எல்இடி விளக்குகளின் வெண்மை வந்தபிறகு சென்னை இரவின் நிறமே மாறிவிட்டது. அந்த மஞ்சளை நினைவில் வைத்திருக்கும் ஓவியர்கள் அதை இப்போதே தீட்டி வைத்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஓர் ஆதங்கம் உண்டு.)

இருட்டிலிருந்து வெளிச்சத்தை எடுப்பதைக் கற்றுத்தர, ஒற்றைப் பிரதி அச்சுமுறையான மோனோடைப்பை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்று நம்புகிறேன். அச்சு இயந்திரம் தேவையில்லை. அரை அடிக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அச்சு மையையோ கறுப்பு எண்ணெய் வண்ணத்தையோ அதன்மேல் முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். அதுதான் இரவு. இப்போது துடைக்கத் தொடங்குங்கள். துணியால் ஒரு இழுப்பு, ஈரச் சாலை. காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு புள்ளி, முகப்பு விளக்கு. தீக்குச்சியின் முனையால் ஒரு கீறல், மின்கம்பி. நனைத்து ஒற்றியெடுத்த காகிதத்தை மேலே வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் சீராகத் தேய்த்து உரித்தெடுங்கள். ஒரே ஒரு பிரதி கிடைக்கும், இடவலம் மாறியிருக்கும். கடைப் பலகை எழுத வேண்டுமானால் தமிழ் எழுத்தைத் திருப்பி எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

பாரிஸில் ஓவியர் எட்கர் தெகா 1870களில் இதைத்தான் செய்தார். நடன மேடைகளையும் இரவு கஃபேக்களையும் கறுப்பு மையிலிருந்து துணியாலும் விரலாலும் துடைத்து எடுத்தார். முதல் பிரதி எடுத்தபின் தகட்டில் கொஞ்சம் மை மிஞ்சும். அதில் இன்னொரு காகிதத்தை வைத்து மங்கலான இரண்டாம் பிரதி எடுத்து, அதன்மேல் பேஸ்டல் என்னும் வண்ணக்குச்சியால் தீட்டுவார். அந்த இரண்டாம் பிரதி உங்களுக்கு மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. மங்கிய இருட்டு ஏற்கெனவே காகிதத்தில் இருக்கும். அதன்மேல் உங்கள் நீர்வண்ணக் கை தயக்கமில்லாமல் நடக்கும். எண்ணெய் மை வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கண்ணாடியில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை மெல்லப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் நீர்வண்ணத்தில் வரைந்து, அதையும் காயவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் வண்ணம் ஏறிவரும்.

எண்ணெய் வண்ணத்தில் இறங்கினால் ஒரு எச்சரிக்கை. அந்த வண்ணத்தில் உள்ள ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடாகும், தீப்பற்றவும் கூடும். ஒருமுறை என் அறையின் மூலையில் சுருட்டிப் போட்ட துணியிலிருந்து புகை வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். உங்கள் அறையோ வெயிலில் கொதிப்பது. துணியைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். டர்பன்டைன் பயன்படுத்தும் நாளில் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

அடுத்து, கைப்பேசி. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். மேம்பாலத்தை நிமிர்ந்து பார்க்கும்போது நமக்கு ஏற்படும் கனத்தைக் கைப்பேசிப் படம் தருவதில்லை. அகன்ற லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடுகிறது. நிழலை ஒரே கறுப்பாக மூடிவிடுகிறது, நம் கண்ணுக்கு அந்த நிழலில் ஊதாவும் பச்சையும் தெரிந்தும்கூட. நீங்கள் அனுப்பிய ஆறு மேம்பாலப் படங்களிலும் நிழல் ஒரே கறுப்பு. அது நீங்கள் கண்ட நிழல் இல்லை.

லண்டனில் ஓவியர் விஸ்லர் என்ன செய்தார் தெரியுமா? அவர் வரைந்த இரவுக் காட்சிகளில் பல, தேம்ஸ் நதிக்கரையின் தொழிற்சாலைகளும் பாலங்களும்தான். அந்த ஊர் அழுக்கென்று ஒதுக்கிய பகுதிகள். இரவில் ஆற்றங்கரையில் நின்று நெடுநேரம் பார்ப்பார். பிறகு காட்சிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கண்டதைக் கூட இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்வார். இத்தனை விளக்கு, இந்த இடத்தில் கூரை, வானம் தண்ணீரை விட ஒரு படி வெளுப்பு என்று. தவறினால் மறுபடி திரும்பிப் பார்ப்பார். மறுநாள் ஸ்டூடியோவில் நினைவிலிருந்து தீட்டுவார். அதற்கு அவருடைய பழைய கெட்டி வண்ணம் உதவவில்லை. வழிந்தோடும் அளவுக்கு எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்தார். வழியாமலிருக்கக் கித்தானைத் தரையில் படுக்கவைத்தார். பனிமூட்டத்தின் தேவையிலிருந்து பிறந்த உத்தி அது. லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் அவருடைய பழைய பட்டர்சீ பாலத்து ஓவியத்தில் பாலம் மெய்யான பாலத்தை விட உயரமாக நிற்கிறது. கீழே படகில் போகிறவருக்கு அது எவ்வளவு உயரமாகத் தோன்றுமோ அவ்வளவு உயரம்.

நீங்களும் இதைச் செய்யலாம். மாலை ஆறரைக்குக் கத்திப்பாரா தூண்களுக்கு அடியில் இருபது நிமிடம் நில்லுங்கள். கைப்பேசி வீட்டில் இருக்கட்டும். வீடு திரும்பும் வழியில் கணவரிடமோ மகளிடமோ கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாடிக்குப் போய்க் கண்ணாடியில் மையைப் பரப்பி, நினைவில் நிற்பதை மட்டும் துடைத்தெடுங்கள். நினைவில் நிற்காதவை ஓவியத்துக்கு வேண்டாதவை.

ஒரே இடத்தை விடாதீர்கள். 1897இல் ஓவியர் பிஸ்ஸாரோ கண் நோயால் வெளியே நின்று வரைய முடியாமல், பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையின் ஜன்னலில் அமர்ந்து மோன்மார்த்ர் சாலையை 14 முறை வரைந்தார். காலை, மழை, பனி, திருவிழாக் கூட்டம் என்று சாலை மாறிக்கொண்டே இருந்தது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இரவு. ஈரச் சாலையில் விளக்குகள் கரைகிற அந்த ஒரு படத்தில் மட்டும் தூரிகை மற்றவற்றை விட மிகத் தளர்வாக ஓடுகிறது. இரவு தன் உத்தியைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறது. நம் நாட்டில் ஓவியர் சுதீர் பட்வர்தன் ஊடுகதிர் மருத்துவராக மும்பையை அடுத்த தாணேயில் பணிபுரிந்துகொண்டே, தம்மைச் சுற்றியிருந்த புறநகரையும் ரயில் பயணிகளையும் பல ஆண்டுகள் விடாமல் தீட்டினார். அவருடைய நகரக் காட்சிகளில் கட்டடத்துக்கு உள்ள அதே மதிப்பு அங்கே நிற்கும் மனிதருக்கும் உண்டு. உங்கள் மேம்பாலப் படங்களில் ஆளே இல்லை, சகோதரி. கோயில் படங்களில் பூ விற்கும் அம்மாள் இருக்கிறார், யானைப் பாகன் இருக்கிறார். மேம்பாலத்துக்கு அடியில் யாரும் நிற்பதில்லையா?

உங்கள் விற்பனையாளரைப் பற்றி. அவர் உங்களுக்குத் தீங்கு நினைப்பவராகத் தெரியவில்லை. விற்பதை அறிந்தவர், விற்பதைச் சொல்கிறார். கோபுரங்களை நிறுத்த வேண்டாம். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள். அந்தப் பணம்தான் அவர்களுடைய ஓவியங்களை வாங்குபவரின் விருப்பத்திலிருந்து காப்பாற்றியது. மாதத்தில் பதினைந்து நாள் கோபுரம் குடும்பத்துக்குச் சம்பாதிக்கட்டும். மீதி நாள்களில் நீங்கள் செய்வதை ஓராண்டுக்கு அவரிடம் காட்டவே வேண்டாம். பாதியில் நிற்கும் வேலையை விற்பவர் கண்ணுக்கு முன்னால் வைப்பது, முளைவிட்ட விதையைத் தோண்டிப் பார்ப்பது போல.

அந்த 11 கித்தான்களில் பத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். தூணுக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட தள்ளுவண்டி இருக்கிறதே, அந்தப் படம். தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் தூக்கியிருக்கிறது. அந்த மூலையை நீங்கள் கைப்பேசியில் பார்த்து வரையவில்லை என்று அடித்துச் சொல்வேன். அதே வண்டியை மாலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் சாலை நனைந்திருக்கும், கண்ணாடியும் மையும் தயாராக இருக்கட்டும். மழைக்காலம் முடிந்தபின் எனக்கு எழுதுங்கள். முதல் பிரதிகளோடு, நன்றாக வரவில்லை என்று நீங்கள் ஒதுக்கிவைக்கும் இரண்டாம் பிரதிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.