கணினி கேள்வி பதில்: 8080-ஐப் பிடித்திருப்பது யார்?

கேள்வி: எம்.சி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில், நிரல் எழுதும் எக்லிப்ஸ் வழியாக, ஜாவா வலைநிரல்களை ஓட்டும் டாம்கேட் சர்வரை இயக்கினால், 8080 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று செய்தி வந்து நின்றுவிடுகிறது. ஆய்வக உதவியாளர் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். சில நாள் சரியாகிறது, சில நாள் ஆவதில்லை. வீட்டு லேப்டாப்பில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டிலும் விண்டோஸ்தான். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: "சில நாள் சரியாகிறது, சில நாள் ஆவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. போர்ட் என்பது நிரல்கள் இணைப்புக்காகத் திறந்துவைக்கும் எண்ணிட்ட வாசல்; ஒருவர் பிடித்துவிட்டால் இன்னொருவருக்கு இடமில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் சரியானால், போர்ட்டைப் பிடித்திருந்தது பெரும்பாலும் யாரோ நிறுத்தாமல் விட்டுப்போன இன்னொரு டாம்கேட். ரீஸ்டார்ட் செய்தும் போகவில்லை என்றால், கணினி தொடங்கும்போதே தானாக எழுந்து பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ். அப்படியானால் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் உங்களுக்கு முன்பே அது போய் உட்கார்ந்துவிடும்.

எக்லிப்ஸ் காட்டும் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 8005, 8080 என்று ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைச் சொன்னால் அது இன்னொரு டாம்கேட்தான்; 8005 என்பது டாம்கேட் தன்னை நிறுத்தச் சொல்லும் கட்டளைக்காக வைத்திருக்கும் போர்ட். 8080 மட்டும் என்றால் பெரும்பாலும் வேறு ஆள். கல்லூரி ஆய்வகங்களின் கணினிகளைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் என் சந்தேகம் ஆரக்கிள் மீதுதான். தரவுத்தளப் பாடத்துக்காக நிறுவப்படும் ஆரக்கிள் 11ஜி எக்ஸ்பிரஸ், தன் வலைப்பக்கத்துக்கு இயல்பாகவே 8080-ஐ எடுத்துக்கொள்ளும். வீட்டு லேப்டாப்பில் ஆரக்கிள் இல்லாததால் அங்கே சண்டையும் இல்லை.

ஆனால் என் ஊகத்தை நம்பி எதையும் நிறுத்திவிடாதீர்கள். கணினியையே கேளுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, நெட்ஸ்டாட் கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு அதை ஒட்டி ஏ, என், ஓ என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளை அடியுங்கள். ஏ எல்லா இணைப்புகளையும் கொண்டுவரும். 'என்' என்ற எழுத்து, பெயர்களுக்குப் பதில் எண்களைத் தரும். ஓ ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உரிய ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், எண்ணைச் சேர்க்கும். நிரலின் பெயரையே காட்டும் பி என்ற எழுத்தும் உண்டு. அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும், மாணவர்களுக்கு அது கிடைக்காது. ஓ போதும்.

வரும் பட்டியலில் 8080 என்று கண்ணில் பட்ட வரியையெல்லாம் பிடித்துக்கொள்ளக் கூடாது. பல கல்லூரிகளில் இணையத்துக்கு இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வரும் 8080-இல்தான் இருக்கும். உங்கள் குரோம் அந்த சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும் வரிகளும் பட்டியலில் வரும். அவற்றில் 8080 எதிர்முனை முகவரியில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது, உள்முகவரியில் 8080 என்று முடிந்து, நிலை 'லிசனிங்' (இணைப்புக்காகக் காத்திருக்கிறது) என்று இருக்கும் வரி மட்டும். இதைக் கவனிக்காமல் ஒன்றுமறியாத பிரவுசரை மூடிவிட்டு, சிக்கல் தீரவில்லையே என்று தவிக்கும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வரியின் கடைசி எண்ணைக் குறித்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பகுதிக்குப் போய், பி.ஐ.டி. என்ற தலைப்பைச் சொடுக்கினால் எண்வரிசையில் அடுக்கும். ஜாவா அல்லது ஜாவாடபிள்யூ என்றிருந்தால் மறந்துபோன டாம்கேட்டாக இருக்கலாம். ஆனால் எக்லிப்ஸே ஜாவாவில்தான் ஓடுகிறது. பெயரை மட்டும் பார்த்து முடித்துவிட்டால் சேமிக்காத நிரலோடு எக்லிப்ஸே போய்விடவும் கூடும். எண்ணைப் பார்த்தே முடியுங்கள். எக்லிப்ஸின் கன்சோலில் உள்ள சிவப்புப் பொத்தானால் நிறுத்த முடிந்தால் அதுதான் நல்லது.

டி.என்.எஸ்.எல்.எஸ்.என்.ஆர். என்று இருந்தால், அது தரவுத்தளத்துக்கு வரும் இணைப்புகளை ஏற்கும் ஆரக்கிளின் லிசனர். அதை நிறுத்த முயல வேண்டாம். அடுத்த வகுப்பில் எஸ்.க்யூ.எல். பயிற்சிக்கு வருபவர்கள் தரவுத்தளத்தோடு இணைய முடியாமல் போகும். விட்டுக்கொடுக்க வேண்டியது டாம்கேட்தான். எக்லிப்ஸில் 'சர்வர்ஸ்' பகுதியில் டாம்கேட்டின் மீது இருமுறை சொடுக்கினால் போர்ட் எண்கள் வரும். 8080-ஐ 8081 ஆக்கிச் சேமித்து, பிரவுசர் முகவரியிலும் 8081 என்றே அடியுங்கள். தேர்வன்று வேறு கணினி கிடைத்தாலும் இது நினைவிருந்தால் பதற்றமில்லை. உங்கள் ஆய்வக உதவியாளரிடமும் சொல்லுங்கள். ஒரு கூடம் நிறையக் கணினிகளைத் தனியாளாகப் பார்க்கிற மனிதருக்கு இது பெரிய உதவி.

கேள்வி: எங்கள் உபுண்டு (லினக்ஸ்) சர்வரில், திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் எஸ்.எஸ். கட்டளையை எல், டி, என், பி எழுத்துகளோடு இயக்கினால் 5432 போர்ட் தெரிகிறது. யார் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டார்களா?
– வாசகர், பெருங்குடி

பதில்: அந்த வெற்றிடம் மட்டுமே ஊடுருவலுக்குச் சான்றாகாது. பிறருடைய ப்ராசஸ்களின் விவரத்தைச் சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் காட்டாது. அதே கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் சேர்த்து இயக்குங்கள், பெயரும் எண்ணும் வந்துவிடும். 5432 போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வழக்கமான போர்ட். 'டாக்கர்-ப்ராக்ஸி' என்று வந்தால் உண்மையான ஆள், நிரல்களைத் தனித்தனியாக ஓட்டும் டாக்கரின் ஒரு கன்டெய்னருக்குள் இருக்கிறது; டாக்கர் பி.எஸ். என்ற கட்டளை அது எது என்று சொல்லும்.

கருவி எதுவும் இல்லாத சர்வரில் ப்ராக் கோப்பகத்தின் நெட் பிரிவில் உள்ள டி.சி.பி. கோப்பைப் படிக்கலாம். அங்கே போர்ட் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக இருக்கும். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதுபோல, 5432 அங்கே 1538; 8080 என்றால் 1எஃப்90.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது உள்முகவரியைப் பற்றி. 127.0.0.1 என்றிருந்தால் அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டுமே அணுகலாம். 0.0.0.0 என்றிருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் அது காத்திருக்கிறது. ஃபயர்வாலை இன்றே சரிபாருங்கள்.

கேள்வி: மேக்கில், பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க் நிரலுக்கு 5000 போர்ட் கிடைக்கவில்லை. பிடித்திருந்த ப்ராசஸை முடித்தாலும் உடனே திரும்ப வந்துவிடுகிறது.
– வாசகர், வேளச்சேரி

பதில்: 2021-இல் வந்த மேக் இயங்குதளத்தின் மான்டரே பதிப்பிலிருந்து, பிற ஆப்பிள் சாதனங்களின் படம், ஒலியைப் பெறும் ஏர்பிளே ரிசீவர் 5000-ஐயும் 7000-ஐயும் எடுத்துக்கொள்கிறது. போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று காட்டும் எல்.எஸ்.ஓ.எஃப். கட்டளையில் 'கன்ட்ரோல்சென்டர்' என்ற பெயரின் முன்பகுதி தெரிந்தால் இதுதான். அமைப்புகளில் ஏர்பிளே ரிசீவரை அணைத்துவிடுங்கள். அல்லது ஃபிளாஸ்க்கை 5001-இல் இயக்குங்கள்.