கேள்வி – பதில்: திரையே கைவிட்டால்?

கேள்வி: மின்தொகுப்பை இணையத் தாக்குதலிலிருந்து காக்கக் கணினியில் ஒத்திகை நடத்துகிறார்களாமே? அதற்காக நிஜமாகவே கரண்டை நிறுத்துவார்களா?

பதில்: இல்லை, ஓடுகிற லைனில் கையே வைப்பதில்லை. துணைமின் நிலையங்கள், பிரேக்கர்கள் (திறந்தால் கரண்ட் நிற்கும், மூடினால் பாயும் பெரிய சுவிட்சுகள்), லோடு என்கிற மின்சுமை எல்லாம் ஏற்றிய சிமுலேட்டர், அதாவது மின்தொகுப்பைப் போலவே நடந்துகொள்ளும் கணினி மாதிரி, தனி நெட்வொர்க்கில் இயங்கும். ஆபரேட்டர்கள் தினமும் பார்க்கிற அதே ஸ்காடா திரைதான் (நிலையங்களைத் தூரத்திலிருந்து கண்காணித்து இயக்கும் மென்பொருளின் திரை) முன்னால் இருக்கும். அடுத்த அறையிலிருந்து பயிற்சியாளர் ஒரு லைனை டிரிப் செய்வார், அதாவது துண்டிப்பார். உடனே லோடைக் குறைக்காவிட்டால் பக்கத்து லைனில் சுமை ஏறி அதுவும் விழும். வட அமெரிக்காவில் 2011 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘கிரிட்எக்ஸ்’ என்று மின்தொகுப்புப் பாதுகாப்பு ஒத்திகையைப் பெரிய அளவில் நடத்துகிறார்கள்.

கேள்வி: அந்த ஒத்திகையில் எதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்?

பதில்: திரையும் போனும் செத்துப்போவதை. உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்ததைப் பாருங்கள். ஆபரேட்டரின் கண்ணெதிரே மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. அவர் தடுக்கப் பார்த்தபோது பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருந்தது. மூன்று விநியோக நிறுவனங்களில் சுமார் 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. துணைமின் நிலையத்துக்குக் கட்டளை கடத்தும் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே பதிந்த மென்பொருளை) அழித்திருந்தார்கள். அதனால் பிரேக்கரைத் தூரத்திலிருந்து மூட வழியில்லை. புகார் எண்ணையும் போலி அழைப்புகளால் நிரப்பிவிட்டார்கள். ஊழியர்கள் வண்டி எடுத்துப்போய்க் கையால் பிரேக்கரை மூடியதால்தான் 1 முதல் 6 மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது.

பல ஒத்திகைகள் கோட்டைவிடுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ‘குழு புறப்பட்டது’ என்று எழுதியதும் அடுத்த நிமிடமே ‘பிரேக்கர் மூடப்பட்டது’ என்று குறித்துவிடுகிறார்கள். நடுவில் வண்டி ஓடும் நேரம், நிலையத்துச் சாவி யாரிடம், நிலையத்துப் பேட்டரியில் சார்ஜ் உண்டா என்பதெல்லாம் காணாமல் போகிறது. பேட்டரி இறங்கியிருந்தால், பழுதைக் கண்டதும் பிரேக்கரைத் திறக்க வைக்கும் ரிலே வேலை செய்யாது. அந்த நிலையில் ஃபால்ட் (பழுது) இருக்கிற லைனில் பிரேக்கரை மூடினால் அது திரும்ப டிரிப் ஆகாது. ஆகவே ஒத்திகைக் கடிகாரத்தை நிஜ வேகத்திலேயே ஓட விடுங்கள். எந்த நிமிடம் திரை அணையும் என்று ஆபரேட்டருக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். ஐடி பிரிவோடு லைன்மேன்களையும் உட்கார வையுங்கள். நிலையத்து மின் இணைப்புகளைக் காட்டும் ஒற்றை வரி வரைபடமும் தொடர்பு எண்களும் அச்சிட்ட தாளில் மேசைமேல் இருக்கட்டும். திரை அணைந்த பிறகு அந்தத் தாளைக் கையில் எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.