டார்ச்சா, துப்பாக்கியா?

கேள்வி: 'டூம்' என்ற கணினி விளையாட்டின் மூன்றாம் பாகத்தை அண்மையில்தான் விளையாடினேன். டார்ச்சை எடுத்தால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கியை எடுத்தால் வெளிச்சம் இல்லை. இப்படியோர் எரிச்சலூட்டும் ஏற்பாட்டை எதற்காகச் செய்தார்கள்? (வாசகர், சேலம்)

பதில்: அந்த விளையாட்டு வெளிவந்த 2004-ஆம் ஆண்டிலிருந்தே ரசிகர்கள் கேட்டுவரும் கேள்வி இது. 1993-இல் வந்த முதல் 'டூம்', கூட்டமாக வரும் அரக்கர்களை ஓடிக்கொண்டே சுட்டுத்தள்ளும் விளையாட்டு. மூன்றாம் பாகத்திலோ, அதை உருவாக்கிய 'ஐடி சாஃப்ட்வேர்' (id Software) என்ற நிறுவனத்தினர் அந்த வேகத்தைக் குறைத்து, செவ்வாய்க் கிரகத்து ஆய்வுக்கூடத்தின் இருண்ட நடைவழிகளில் நம்மைத் தன்னந்தனியே விட்டுவிட்டார்கள். ஒளியையும் நிழலையும் அந்தந்தக் கணத்திலேயே கணித்து வரையும் புதிய தொழில்நுட்பம் அவர்கள் கையில் இருந்ததால், இருட்டே விளையாட்டின் மூலதனமாயிற்று. பார்ப்பதா சுடுவதா என்று நம்மைத் தவிக்கவிடுவதும் அதையொட்டி வந்ததுதான்.

நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை; அதை நம்பவைக்கத் தவறிவிட்டார்கள். கதை நடப்பது 2145-இல். செவ்வாயில் குடியேறிவிட்ட மனிதனுக்கு, டார்ச்சைத் துப்பாக்கியோடு சேர்த்து ஒட்ட ஒரு துண்டு டேப்பா கிடைக்காது? இந்தக் கேலியையே பெயராக வைத்து, துப்பாக்கியிலேயே டார்ச்சைப் பொருத்தித் தரும் 'டக்ட் டேப்' என்ற மாற்று நிரலை ரசிகர் தரப்பிலிருந்தே வெளியிட்டார்கள். தரையில் கிடக்கும் பொருளை எடுத்ததும் முதுகுக்குப் பின்னால் சுவர் திறந்து அரக்கன் பாய்வது பத்தாவது முறையாக நிகழும்போது, அச்சம் போய் விரல்களுக்கான பயிற்சி மட்டுமே மிஞ்சுகிறது. (டார்ச்சாலேயே அரக்கனை அடிக்கவும் முடியும். நானும் அடித்துப் பார்த்தேன். அரக்கன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.)

கேள்வி: அப்படியானால், அதே மூன்றாம் பாகத்தின் மறுவெளியீடாக 2012-இல் வந்த 'பி.எஃப்.ஜி. எடிஷன்' பதிப்பையே விளையாடிவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அதில் டார்ச்சைக் கவசத்திலேயே பொருத்திவிட்டார்கள் என்பதால், வெளிச்சம் அடித்துக்கொண்டே சுடலாம், பேட்டரி தீர்ந்தால் சற்றே பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், வெளிச்சமின்றிச் சுட வேண்டியிருக்கும் என்ற கணக்கில் கட்டப்பட்ட அறைகளில் அது வெறும் இடைஞ்சலைத் தீர்ப்பதோடு நிற்காமல், அங்கிருந்த திகிலையும் பெருமளவு குறைத்துவிடுகிறது. எனவே, முதல் சில மணி நேரமாவது பழைய பதிப்பில் தவித்துப் பாருங்கள். வேகம்தான் வேண்டுமென்றால், முதல் இரண்டு 'டூம்' விளையாட்டுகளும் அதே தொகுப்பில் இருக்கின்றன.